சாகாத கவிஞர்களின் முதல் வரிகள்

நிலவுக் காப்பகம். 2191 மார்ச் 4, காலை 9.10

காற்று, மின்சாரம், வெப்பம் சீர். பதிவர் செண்பகவல்லி. இங்கே ஆள் நான் ஒருத்திதான்.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைகளை முதல் வரியை வைத்துப் பட்டியலிடுகிறேன். அந்தக் காலத்தில் பாதிக் கவிதைகளுக்குத் தலைப்பே கிடையாது. முதல் வரிதான் பெயர். அதைத் தமிழாக்கிப் பூமிக்கு அனுப்புவேன். அங்கே கோதண்டம் பொறுப்பில் ஓர் இயந்திரம் ஏற்றிக்கொள்ளும். இன்று அறுபது. அறுபதிலும் யாரோ ஒருத்தி முகத்தைத் திருப்புகிறாள், யாரோ ஒரு பிரபு உயிரை விடப்போவதாக மிரட்டுகிறார். ஒருத்தரும் செத்த மாதிரி தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் அடுத்ததை எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 9, காலை 11.30

கோதண்டம் பேசினார். இயந்திரத்தில் இடம் போதவில்லையாம்.

"மேடம், முதல் வரி ஒரே மாதிரி இருந்தா ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை மெஷினே அழிச்சிடும். இந்தக் காலத்துச் சொல் வந்தாலும் தள்ளிடும். புதுசா ஏறுறதை மட்டும் சாயங்காலம் நான் பாத்துக்கிறேன்."

நிம்மதி. இனி ஒவ்வொரு புலம்பலுக்கும் தனித்தனியாகத் தமிழ் வரி தேடி மண்டையை உடைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆவி பிரிகிறது, இதயம் வெடிக்கிறது, உயிர் ஊசலாடுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே வரி: "மூச்சு நிற்கிறது, விரைந்து வா." இன்று நாற்பது பிரபுக்கள் அதில் அடங்கினார்கள். முப்பத்தொன்பது பேரை இயந்திரம் துடைத்துவிட்டது. இலக்கியத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மார்ச் 15, காலை 8.05

விண்கல் தூள் அடித்து ஆன்டெனா போயிற்று. கோதண்டம் பேசுவது கேட்கிறது. என் குரல் போகாது. பட்டியல் தடம் மட்டும் வேலை செய்கிறது, அதுவும் ஒரு தடவைக்கு ஒரு வரி.

காற்று இயந்திரமும் நின்றுவிட்டது. மீட்பு ஓடம் தலைக்கு மேலேதான் சுற்றுகிறது. பூமி சொன்னால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பூமிக்குத் தெரிய வேண்டுமே.

அனுப்பியது: "கோதண்டம், ஆக்சிஜன் இயந்திரம் பழுது, ஓடத்தை இறக்குங்கள்."

வந்த பதில்: இக்காலச் சொற்கள். தள்ளப்பட்டது.

முட்டாள் இயந்திரம். அதை வாங்கிவைத்த அலுவலகம் அதைவிட முட்டாள்.

மதியம் 2.40

மூன்று முறை தள்ளிவிட்டது. அனுப்பும் கருவியின் பேட்டரியில் இன்னும் ஒரு வரிக்குத்தான் தெம்பு. அது பட்டியலில் ஏறினால்தான் கோதண்டம் கண்ணில் படும். ஏற வேண்டுமென்றால் அந்தக் காலத்து ஆள் சொல்வதுபோல் சொல்ல வேண்டும்.

தலை சுற்றுகிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. பயமாக இருக்கிறது. யோசிக்காமல், வாயில் வந்ததை அப்படியே அடித்து அனுப்பினேன்.

"மூச்சு நிற்கிறது, விரைந்து வா."

வந்த பதில்: முன்பே உள்ளது. அழிக்கப்பட்டது.

மாலை

கோதண்டம் குரல்.

"மேடம், இன்னிக்குப் புதுசா ஒண்ணுமே ஏறலியே. லீவுன்னு போட்டுக்கிறேன். நல்லாத் தூங்குங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

கத்தினேன். அவருக்குக் கேட்காது.

அந்த நாற்பது பேரில் ஒருவனாவது உண்மையாகவே