எலுமிச்சை பட்ட தகடு

வீட்டின் உண்மையான உரிமையாளருக்கு,

பழைய இயந்திரங்களின் கம்பெனி முத்திரைத் தகடுகளை நான் நக்கிப் பார்த்துத்தான் பித்தளையா துத்தநாகமா என்று கண்டுபிடிக்கிறேன். இத்தனை நாள் உனக்குத் தெரியாமல் செய்ததை நேற்று மாடி வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். "அக்கா ஊர்ல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணா? சோறு குடுத்து விட்டிருப்பேனே" என்றார்.

என் மேசையில் கிடந்த அந்தச் சின்னத் தகட்டை நீ எலுமிச்சை போட்டுத் தேய்த்ததற்கு நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அழுக்குதான் தகட்டின் வயதைச் சொல்லும், மூளையுள்ளவர்கள் தேய்க்க மாட்டார்கள் என்றேன். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

அந்த வார்த்தையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ தேய்த்த இடத்தில் ஒரு கொக்கு முத்திரை பளிச்சென்று தெரிந்தது. தகடு சேகரிப்பவர்கள் கூட்டத்தில் அதைக் காட்டி, கப்பலுக்குப் பம்பு செய்த கம்பெனியின் தகடு என்று அடித்துச் சொன்னேன். என்னை எப்போதும் மட்டம் தட்டும் கடிகாரக்காரரே அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருய்யா இதைத் தேய்ச்சது? முத்திரை துளிகூடத் தேயலையே" என்றார்.

"என் சம்சாரம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அது உனக்கு விழுந்த கைதட்டல். ரொம்ப நன்றி, தாயே. கோபத்தை அங்கேயே வைத்துவிட்டு நீ மட்டும் வா.

மூளை திரும்பிய உன் கணவன்

பி.கு.: நீ வருவதற்குள் சுத்தமாக இருக்கட்டும் என்று இன்று உன் தையல் மெஷினைத் துடைத்தேன். அதன் கழுத்தில் இரண்டு ஆணித் துளைகள் காலியாக இருக்கின்றன. கப்பல் தகடு அதில் அச்சாகப் பொருந்துகிறது.