மேற்குப் பார்த்த கபர்

ஓபர்மாட், சுவிட்சர்லாந்து
12 அக்டோபர் 1946

அன்புள்ள ஹைருன் பீவிக்கு,

சுகமா? போர் முடிந்து தபால் மறுபடி ஒழுங்காகப் போகிறது என்கிறார்கள். அண்ணனும் நானும் குற்றாலத்தில் பல வருஷம் இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. என் கண்ணும் மங்கிவிட்டது, தமிழும் மங்கிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊர் பாறைமேல் இருக்கிறது. முன்னோர்கள் ஆற்றங்கரை மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கொட்டித்தான் வயல் உண்டாக்கினார்கள். இன்றும் சரிந்த மண்ணை வசந்தகாலத்தில் வயலின் அடியிலிருந்து உச்சிக்குச் சுமக்கிறோம். கல்லறைத் தோட்டமும் அப்படி வந்த மண்தான். அதனால் அங்கே ஒருவருக்கு இருபத்தைந்து வருஷம்தான் இடம். பிறகு தோண்டி, மிச்சம் இருப்பதை ஆழத்தில் வைத்து, மேலே இன்னொருவரைப் புதைப்பார்கள். என் தாத்தாவின் மேல் என் அப்பா இருக்கிறார்.

நோயாளியான என் அண்ணனுக்குச் சமையல் செய்து பார்த்துக்கொள்ள, உன் கணவர் துல்கர்னைன் எங்களோடு இங்கே வந்தார் அல்லவா? வந்த முதல் வசந்தத்திலேயே அவரும் மண் சுமந்தார். நாங்கள் கூடையை முதுகில் சுமப்போம். அவர் தலையில் சும்மாடு கட்டித் தூக்கினார். ஊரே சிரித்தது. சாயங்காலம் பார்த்தால் அவர் சுமந்ததுதான் அதிகம். அந்த வருஷப் பனிக்காலத்திலேயே நெஞ்சுச் சளி வந்து அவர் இறந்தபோது, வேற்று மதத்தாருக்கு இங்கே இடமா என்று சிலர் கேட்டார்கள். "நம் மண்ணைச் சுமந்தவர்" என்று ஊர்த்தலைவர் சொன்னதும் பேச்சு நின்றது.

வரும் ஏப்ரலில் பனி உருகியதும் அவர் இருக்கிற வரிசையைத் தோண்டப் போகிறார்கள். உனக்குச் சம்மதமா? இல்லையென்றால், எனக்கென்று உள்ள இடத்தை ஊருக்கு விட்டுக்கொடுத்து, அவரைத் தொட வேண்டாம் என்று சொல்வேன்.

அன்புடன்,
வெரேனா


தென்காசி
24 நவம்பர் 1946

மதிப்புக்குரிய வெரேனா அம்மாவுக்கு ஹைருன் பீவி எழுதுவது. நான் சுகம். உங்கள் கண்ணுக்காகத் துஆ கேட்கிறேன்.

சம்மதமில்லை அம்மா. தோண்ட வேண்டாம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. இங்கேயும் கோடையில் குளத்து வண்டலை வாரி வயலுக்குச் சுமக்கிறார்கள். அதற்காக மையவாடியில் கிடக்கிறவர்களைக் கொஞ்சம் நகர்ந்து படு என்று யாரும் சொல்வதில்லை.

அவர் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. கபருக்கு ஒரு பிடி மண் போடவில்லை. சேதி வந்து சேர்ந்தபோது நாற்பதாம் நாளும் கழிந்திருந்தது. அந்தச் சேதி எழுதிய உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "உங்கள் ஊர் வழக்கப்படி மேற்கே முகம் வைத்து அடக்கினோம்" என்று. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் படுத்து எழுந்திருக்கிறேன்.

இப்போது வந்த உங்கள் கடிதத்தைக் கொழுந்தன் கிதிர் முகம்மதுக்கு வாசித்துக் காட்டினேன். "எலும்புக்கு என்ன மதினி சம்மதம் வேண்டிக் கெடக்கு, விடுங்க" என்றார். அவர் அப்படித்தான், எதையும் விட்டுவிடுவார்.

நான் இன்னும் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறேன். குற்றாலத்தில் இந்த வருஷம் நல்ல சாரல் என்று சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் இடத்தை விட்டுக்கொடுப்பது பெரிய காரியம். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஹைருன் பீவி


ஓபர்மாட்
5 ஜனவரி 1947

அன்புள்ள ஹைருன்,

ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அவரைத் தொடமாட்டார்கள். நான் கீழே பட்டணத்துக் கல்லறையில் படுத்துக்கொள்வேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அதனால் சண்டையும் இருக்காது.

நீ அந்த வரியை இன்னும் நினைவில் வைத்திருப்பது எனக்கு ஆறுதல். எங்கள் குழிகளுக்குக் குறுக்கே தோண்டச் சொன்னபோது குழிவெட்டி பீட்டர் என்னைத் திட்டினான். நான் விடவில்லை. தென்காசியில் எல்லோரும் மேற்குப் பார்த்துத் தொழுவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். சூரியன் மறைகிற மலையைக் கைகாட்டி, அந்தப் பக்கம்தான் முகம் என்று நின்றேன்.

வெரேனா


தென்காசி
16 பிப்ரவரி 1947

மதிப்புக்குரிய வெரேனா அம்மாவுக்கு,

இதை ஆகாயத் தபாலில் போடுகிறேன். பனி உருகுவதற்குள் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

எங்கள் தெரு முகம்மது இஸ்மாயில் ஹஜ்ஜு முடித்துத் திரும்பியிருக்கிறார். ஜம்ஜம் தண்ணீர் வாங்கத் தெருவே போனது, நானும் போனேன். கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சீமைக் கப்பல்களும் அந்தக் கடலுக்குள்தான் போகின்றன, மக்கத்துக்குப் போகிறவர்கள் இறங்குகிற ஜித்தாவைத் தாண்டி இன்னும் வடக்கே என்றார். எனக்கு எங்கேயோ இடித்தது. திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"மாமா, அப்பம் சீமைக்குப் போனவுக மக்கத்தைத் தாண்டியா போயிருப்பாக?"

"தாண்டித்தான் போவணும். ஏன் கேக்குத?"

"அங்கன உள்ளவுக எந்தப் பக்கம் பாத்துத் தொழணும்?"

"திரும்பிப் பாத்துத்தான். சூரியன் உதிக்க பக்கம், கொஞ்சம் தெக்க சாஞ்சாப்புல."

தண்ணீர் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா, உங்கள் மேல் கோபமில்லை. மக்கம் மேற்கே இருப்பதால் எங்கள் ஊருக்கு மேற்குதான் சரி. அதை அப்படியே பத்திரமாக அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். நான் அங்கே நின்றிருந்தாலும் மேற்கைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் அங்கே அவர் மக்கத்துக்கு, தொழுகிற கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அல்லா மனசைத்தான் பார்ப்பான், கபரைக் கிளற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கிதிர் முகம்மது, "செத்தவனுக்குத் தெசை காட்டப் போறியளோ மதினி" என்று சிரித்தார். லெப்பை சொன்னது சரியாக இருக்கும். எனக்கு ஆறவில்லை.

ஆகையால் தோண்டச் சொல்லுங்கள். பீட்டர் இருந்தால் அவரே தோண்டட்டும், இன்னொரு தடவை திட்டிக்கொள்ளட்டும். மிச்சம் இருப்பதை வலப்பக்கமாகச் சாய்த்து, ஹாஜியார் சொன்ன திசையில் முகம் வரும்படி ஆழத்தில் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மேலே யார் வந்தாலும் எனக்குச் சம்மதம். நீங்கள் பட்டணத்துக் கல்லறைக்குப் போக வேண்டாம். உங்கள் இடம் உங்களுக்கே இருக்கட்டும். அவருக்கு மேலேதான் இடம் என்றாலும் சரிதான். அவருக்குக் கடைசித் தண்ணீர் நீங்கள்தானே கொடுத்தீர்கள்.

மறுநாள் ஹாஜியார் வீட்டிலிருந்து ஜம்ஜம் கொடுத்துவிட்டார்கள். கூடவே அவர் ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தார். உங்கள் சீமையிலிருந்து கிப்லாவைப் பார்த்தால், அந்தப் பார்வை போகிற போக்கில்தான், மக்கத்தையும் தாண்டி இன்னும் வெகுதூரத்தில், தென்காசி இருக்கிறதாம்.

இதை லெப்பையிடமும் சொல்லவில்லை, கொழுந்தனிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
துல்கர்னைன் மனைவி
ஹைருன் பீவி