கல்லறைக் கல்லா, கரடிப் பெட்டியா

அன்புள்ள அமாதியோ,

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலைப் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றி உன் அக்கா செல்சா தொலைபேசியில் சொன்னதை நம்பாதே. என் புத்தி தடுமாறவில்லை, முழங்கால் மட்டும்தான் தடுமாறுகிறது. உன் அப்பாவின் கல்லறைக்கு நீ அனுப்பிய பணத்தை நான் கரடிக்குச் செலவழித்துவிட்டேன் என்று கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். ஒரு காசுகூட எடுக்கவில்லை. எடுக்க விரும்புகிறேன் என்பது உண்மை. பணம் உன்னுடையது, மலையில் மேலே இருக்கும் புல்வெளியும் அப்பா உன் பெயரில் எழுதிவைத்தது, ஆகவே உன்னைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்யமாட்டேன். கன்னிமடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் பாதியை மறந்துவிட்டேன், ஆனால் பிறர் பொருளைத் தொடுமுன் கேட்க வேண்டும் என்பதை மறக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் செல்சா எந்தக் கதையையும் நடுவில் ஆரம்பிப்பவள். முதுகில் மூட்டை சுமந்து மலை ஏரிக்கு நடந்துபோகும் மூட்டைக்காரர்கள் எப்போதும் முதல் இரவு நம் புல்வெளியில்தான் கூடாரம் போடுவார்கள், உனக்குத் தெரியும். உன் அப்பா இருந்தவரை மாலையில் குதிரையில் மேலே போய், அவர்கள் சாப்பாட்டு மூட்டையை இரண்டு மரங்களுக்கு நடுவே, கரடி எட்டாத உயரத்தில், தன் கையாலேயே கட்டித் தொங்கவிட்டு வருவார். பற்பசை, உதட்டுக்குப் பூசும் மெழுகு, கழுவாத சட்டி எல்லாம் அதில் போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. ஒரு தடவை சிகாகோவிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் முணுமுணுத்தாராம். அதற்கு இவர், "கரடிக்குத் திருட்டுப் புத்தி கிடையாது டாக்டர், நாமதான் சொல்லிக்குடுக்கிறோம்" என்று சொல்லி, அவர் சட்டைப்பையிலிருந்தே சாக்லேட்டை எடுத்து மூட்டையில் போட்டாராம். உன் அப்பா இறந்த பிறகு மேலே போய்ப் பார்க்க ஆளில்லை. போன செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரே கிளையில் மூட்டையைத் தொங்கவிட்டார்கள். சோம்பேறிகள் இல்லை, புத்தகத்தில் படித்தபடிதான் கட்டினார்கள். தாய்க்கரடி கீழேயே உட்கார்ந்துகொண்டு குட்டியைக் கிளையில் ஏற்றியது. குட்டி கயிற்றைக் கடித்து அறுத்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள். அடுத்த வாரம் அந்தத் தாய் வேறு ஒருவரின் கூடாரத்தைக் கிழித்தது, உள்ளே இருந்தது பற்பசை மட்டும். அதற்கடுத்த வாரம் கீழே இறங்கிவந்து நம் ஊர் போர்ஃபிரியோ வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து, சோளமும் இறைச்சியும் போட்டு அடுப்பில் கொதித்த பொசோலே சட்டியைத் தரையில் கவிழ்த்து நக்கியது. வனவிலங்குத் துறையார் வந்து அதைச் சுட்டார்கள். வேறு வழி இல்லை என்றார்கள், எனக்கும் வேறு வழி தெரியவில்லை. இரண்டு குட்டிகளையும் பிடித்துக்கொண்டுபோய் வளர்த்து, இந்த வசந்தத்தில் காதில் மஞ்சள் வில்லை மாட்டி மலைக்குப் பின்புறம் விட்டார்கள்.

அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கயிறு அறுத்த குட்டிதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் போர்ஃபிரியோ வீட்டுத் துணிக்கொடியின் கயிற்றை முழுவதும் முகர்ந்துகொண்டு போனதை நானே பார்த்தேன். இனி ஒரு வீட்டிலோ கூடாரத்திலோ வாய் வைத்தால் இதற்கும் தாயின் கதிதான் என்று அதிகாரி என்னிடம் நேராகச் சொல்லிவிட்டார். பாதையில் பனி விலகியதும் மூட்டைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். சிலர் இப்போது திருகுமூடி போட்ட கெட்டிப் பீப்பாய் கொண்டுவருகிறார்கள், நல்லதுதான், ஆனால் முதல் நாளில் கையில் இருக்கும் சாப்பாடு முழுவதும் அதில் அடங்காது. அடங்காததைக் கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் அவர்கள் தங்குவது நம் நிலத்தில்.

ஆகவே புல்வெளியில் ஒரு இரும்புப் பெட்டி வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் சாப்பாட்டை வைத்துச் சாத்திக்கொள்ளும்படி. இரும்புத் தண்ணீர்த்தொட்டிகளைப் பற்றவைத்துக் கொடுக்கும் போர்ஃபிரியோ, மாதிரிக்கு ஒன்று, சின்னதாகச் செய்தான். தாழ்ப்பாள் ஒரு இரும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். உள்ளங்கையை மேலே திருப்பி நுழைத்தால் விரலால் தூக்கலாம், கரடியின் பாதம் நுழையாது. முதலில் செய்த தாழ்ப்பாளை நான் திருப்பி அனுப்பினேன், என் விரலால் தூக்க முடியவில்லை. "அக்கா, கஷ்டப்பட வேண்டியது கரடிதானே, நீங்க ஏன் படறீங்க?" என்றான். களைத்து வருகிறவன் கஷ்டமான தாழ்ப்பாளைப் போடமாட்டான், கதவைச் சும்மா ஒட்டிவைத்துவிட்டுப் படுத்துவிடுவான் என்றேன். "நூடுல்ஸுக்கு பேங்க் பூட்டு கேக்குறீங்க. என்னை ரிட்டயர் ஆகவே விடமாட்டீங்க" என்று முனகிக்கொண்டு மறுபடி செய்தான். இரண்டாவது சரியாக இருந்தது. அதில் அவன் கோழித்தீவனத்தைப் போட்டு முற்றத்தில் வைத்தான். ஒரு காலையில் நான் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மஞ்சள் வில்லைக் கரடி வந்தது. முகர்ந்தது, கூட்டை நக்கியது, மேலே ஏறி உட்கார்ந்தது, கடைசியில் பெட்டியையே வாய்க்கால்வரை உருட்டிக்கொண்டு போனது. தாழ்ப்பாள் அசையவில்லை. "பொண்ணு குடுக்கமாட்டோம்னு சொல்லி அனுப்புன மாப்பிள்ளை மாதிரி போறான் பாரு" என்று போர்ஃபிரியோவின் மனைவி ஜன்னலில் நின்று சிரித்தாள். அது மேட்டில் ஏறிப் பசுவைப் போலப் புல் மேய்ந்தது. நான் சிரிக்கவில்லை. அன்று அதற்கு ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்தேன். மேலே வைப்பது பெரிதாக இருக்க வேண்டும், உருளாதபடி பாறையில் முடுக்க வேண்டும். துண்டு துண்டாகக் குதிரையில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே பூட்டலாம் என்கிறான்.

செல்சாவுக்கு இதைச் சொன்னபோது, "அம்மா, ஊர்ல எல்லார் அப்பாவுக்கும் கல்லு இருக்கு. எங்கப்பாவுக்கு மட்டும் ரெண்டு குச்சி. கேட்டா, யாரோட நூடுல்ஸையோ காப்பாத்த டப்பா வாங்கினோம்னு சொல்லட்டுமா?" என்று அழுதாள். அவள் சொல்வது தவறு என்று நான் எழுதமாட்டேன். நான் பெருமைக்காரி, உனக்குத் தெரியும். ஆத்துமாக்கள் திருநாளில் எல்லோரும் பளிங்குக் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த மரச்சிலுவை முன்னால் நிற்பது எனக்கும் சுடுகிறது. ஆனால் அப்பா கல் கேட்டார் என்று அவள் சொல்வது சரியல்ல. மருத்துவமனையில் கடைசி வாரம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மேல யாராவது தங்கியிருக்காங்களா? மூட்டையைக் கட்டியாச்சா?" காய்ச்சலில் பேசுகிறார் என்றாள் செல்சா. காய்ச்சல்தான். கட்டியாச்சு என்று நான் சொன்னேன், அவர் தூங்கினார். அன்று மேலே போய் யாரும் கட்டியிருக்கவில்லை.

கல் என்றைக்கும் வைக்கலாம், அவர் எங்கேயும் போகப்போவதில்லை. மஞ்சள் வில்லைக்கு இந்தக் கோடை மட்டும்தான் இருக்கிறது. பெட்டியில் அவர் பெயரைப் பொறிக்கலாமா என்று போர்ஃபிரியோ கேட்டான். வேண்டாம், "தாழ்ப்பாளைப் போடு" என்று மட்டும் பெரிய எழுத்தில் பொறி என்றேன். இவ்வளவு சொல்லியும், கல்தான் வேண்டும் என்று நீ சொன்னால் கல்லே வைப்பேன், முகம் சுளிக்கமாட்டேன்.

பிள்ளைகளை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதே. பெரியவளின் பல்லை டாக்டரிடம் காட்டினாயா? போன வாரம் இரண்டு பை சிவப்பு மிளகாய்த்தூள் அனுப்பினேன், உன் மனைவியிடம் எண்ணெயில் கருகவிடாமல் வதக்கச் சொல். அப்பாவின் நினைவுப் பூசை இருபதாம் தேதி, நீ இருக்கும் இடத்திலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. தேவமாதா உங்கள் எல்லோரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றுவாளாக.

கடைசியாக ஒன்று. தொலைபேசியில் நீ என்னிடமும் சரி என்கிறாய், செல்சாவிடமும் சரி என்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம் உண்டு, இரண்டு பேரையும் அழவிடாமல் பார்த்துக்கொள்வாய். இந்த முறை அது உதவாது. மே மாதம் முடிவதற்குள் கல்லா பெட்டியா என்று ஒரு காகிதத்தில் உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
எமெரென்சியானா