ஒன்பதில் வைத்த ரேசர்

அண்ணா,

இன்றைக்குக் கரண்ட் இல்லாத நாள். மாதாமாதம் நிறுத்துவார்களே, அதுதான். எடப்பாடியே வாயடைத்துப்போய்க் கிடக்கிறது. விசைத்தறிகள் நின்றால்தான் எனக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் சுதாவின் வீட்டுக்காரர், முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, அலமாரியில் கிடந்த உங்கள் ரேசரைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, இதுல ஒண்ணுலிருந்து ஒம்பது வரைக்கும் போட்டிருக்குது. எதுல வெக்கறதுங்க? மாமா ஒம்பதுல வெச்சுத்தான் கிழிச்சுக்கிட்டாராமே! எங்கப்பா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க."

நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிற உங்கள் தங்கை நான், தோள் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சுதாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்ததும் இப்படி ஒரு நாளில்தானே? நம் ஊரில் நல்ல காரியம் பேசுவதென்றால் கரண்ட் நிறுத்துகிற நாளாகப் பார்த்துத்தான் வரச்சொல்வோம். தறி ஓடும்போது பெண்ணைத் தருகிறோம் என்று சொன்னால்கூட எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. உங்களுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலது கை தூக்க வராது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதைக் கேள்விப்பட்ட தெருமுனைச் சலூன்காரர், "எனக்குப் பயமுங்க, என்ற கையில அந்தப் பாவம் வேண்டாமுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார்.

உங்களுக்கு ஒரே கவலைதான். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த ஆளுன்னு அவிகளுக்குத் தெரியும், அம்மணி. ஆனா சீக்காளி மூஞ்சியோட என்னயப் பாத்துப்போட்டா, இவரு எத்தன நாளைக்குன்னு ரோசன பண்ணுவாங்க. புள்ளைக்கு வந்த எடம் போயிரும்" என்றீர்கள். ஏற்கெனவே ஒரு இடம் அப்படித்தான் போயிருந்தது.

நான் என் வீட்டிலிருந்து ட்ரிம்மரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். பாழாய்ப்போனது, ஒரு கன்னத்தை முடித்ததும் அடங்கிவிட்டது. சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் எங்கே? உங்கள் முகம் ஒரு பக்கம் ஐம்பது வயசாகவும் மறுபக்கம் எழுபதாகவும் நின்றது. அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்னுங்க இது!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சங்ககிரியைத் தாண்டிவிட்டார்களாம்.

"அந்தப் பொட்டிய எடு" என்றீர்கள்.

சீக்கில் விழுவதற்கு முந்தின வாரம், செல்போனில் வீடியோ பார்த்து நீங்கள் வரவழைத்த ரேசர். கைப்பிடி கனமாக இருக்கும். அடியில் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறந்து பிளேடை வாங்கிக்கொள்ளும். கழுத்தில் எண் போட்ட ஒரு வளையம். "நம்ம தாடிக்குத் தக்கபடி நாமளே திருகி வெச்சுக்கலாமாம்" என்று தெருவெல்லாம் காட்டினீர்களே தவிர, ஒருதரம்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்து. சுதாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கே பொறுமை?

தாடியைக் கத்தரியால் ஒட்ட நறுக்கி, சோப்பைக் குழைத்துப் பூசினேன். வளையத்தை ஒன்பதுக்குத் திருப்பினேன்.

"மொதல்ல ஒண்ணுல வெச்சுப் பாரேன், அம்மணி" என்றீர்கள், குழறின நாக்கோடு.

"கம்முனு இருங்கணா. நாப்பது வருசமா நூலுல பொழங்கறேன், எனக்குத் தெரியாதாக்கும்? நெம்பரு ஏற ஏற நயந்தான."

இருபதாம் நம்பர் நூல் முரடு, நூறாம் நம்பர் நூல் தலைமுடி மாதிரி மெலிசு. பிறந்ததிலிருந்து அதே கணக்கில் வளர்ந்தவள் நான். ரேசரில் எண் ஏற ஏறப் பிளேடு வெளியே வரும் என்று யார் கண்டது? நீங்கள் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தீர்கள்.

கன்னத்தில் இரண்டு இழுப்பு நன்றாகத்தான் போனது. மூன்றாவது இழுப்பு தாடை வளைவில். முதலில் நுரை சிவந்தது, பிறகு வெள்ளைச் சட்டையின் காலர். என் தோளில் கிடந்த துண்டை உருவி அமுக்கினேன். எடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன், கூடத்தான் வந்தது. அண்ணி ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். "எடுத்து எடுத்துப் பாக்காதீங்க! அமுக்கிப் புடிச்சபடியே இருங்க. நிக்கலைன்னா ஒடனே கூட்டிட்டு வாங்க" என்றாள் அந்தப் பெண்.

கட்டைவிரலால் அமுக்கியபடி நின்றேன். விரலுக்கு அடியில் உங்கள் நாடி துடித்தது. கொன்றுவிட்டேனோ, என் அண்ணனை நானே கொன்றுவிட்டேனோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நீங்களோ இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத சாமி, ஒறம்பர சனம் வார நேரம்" என்கிறீர்கள்.

வாசலில் கார் நின்றது. சம்பந்தம் பேச வந்தவர்கள் கண்டது என்ன? அரை முகம் நுரை, காலரெல்லாம் ரத்தம், தாடையைப் பிடித்தபடி நான். மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"என்னுங்க ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை நீங்கள் இறுக்கினீர்கள்.

"ஒண்ணுமில்லீங்க. எடது கையில நானே மழிச்சுப் பாத்தனுங்க. நெம்பரு ஏறுனா நயம்னு ஒம்பதுல வெச்சுப் போட்டேன். என்ற தப்புங்க."

அவர் மெல்ல வந்து ரேசரை எடுத்தார். குமாரபாளையத்தில் இருபது தறி ஓட்டுகிற மனிதர். வளையத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். அடுத்த நொடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நானா இருந்தாலும் ஒம்பதுலதானுங்க வெச்சிருப்பேன்!" என்று சொல்லி, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ரத்தம் நிற்கிறவரை யாரும் பலகாரத்தைத் தொடவில்லை. நின்ற பிறகு, மிச்சமிருந்த பாதியை அவரே ஒன்றில் வைத்து மழித்துவிட்டார். அன்றைக்கே தேதி குறித்தார்கள்.

கல்யாணத்தை நின்று நடத்திவிட்டுத்தான் போனீர்கள். கடைசியாக உங்களுக்கு மழிக்கச் சலூன்காரர் வந்தபோது, ரேசரை ஒன்றுக்குத் திருப்பிக் கொடுத்தேன். "இனி எந்த நெம்பரா இருந்தா என்னுங்கம்மா" என்றார் அவர். "ஒண்ணுலதான் இருக்கோணும்!" என்று கத்திவிட்டேன். எழவு வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்ன பொய்யை மட்டும் நான் அப்படியே விட்டுவைத்திருந்தேன் அண்ணா. ஒவ்வொரு விசேஷத்திலும் சம்பந்தி அந்தக் கதையைச் சொல்வார், எல்லோரும் உங்களை நினைத்துச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்காது.

இன்றைக்கு மருமகன் நுரை காய நின்றபோது, இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சாமி, ஒம்பதுல வெச்சது உங்க மாமா இல்லீங்க. நானு. அவரு ஒண்ணுல வெய்யின்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல" என்றேன்.

அவர் ரேசரை நீட்டி, "அப்படின்னா நீங்களே திருகிக் குடுங்கம்மா" என்றார்.

ஒன்றுக்குத் திருகிக் கொடுத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாத அந்த வீட்டில், பிளேடு இழுபடுகிற ஓசை எனக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது. "முடிஞ்சுதுங்கம்மா, ஒண்ணும் ஆகலீங்க" என்று குரல் வருகிறவரை, என் தோளில் கிடந்த துண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடியே நின்றேன்.