காலி அட்டை போகாமல் வந்த மாத்திரை

அனுப்புநர்:
கோ. ரேணுகாதேவி, பி.ஏ.,
க/பெ. கோபால்சாமி,
கீழ்க்கொல்லை கிராமம்,
ஜமுனாமரத்தூர் வட்டம்.

பெறுநர்:
மருந்து ஆய்வாளர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை,
திருவண்ணாமலை.

பொருள்: மருத்துவர் சீட்டு இல்லாமல், கேட்காமலே வலி மாத்திரை கொடுத்தனுப்பும் மருந்துக்கடை மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டார். வலிக்கென்று டாக்டர் எழுதித் தந்த மாத்திரை சில வாரங்களில் நின்றிருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் உள்ள ஒரு கடை (பெயர் தனித்தாளில்) சீட்டு முடிந்த பிறகும் அதைத் தந்துகொண்டே இருந்தது. வலி குறைந்தும் அவரால் மாத்திரையை விட முடியவில்லை. அது இல்லாத நாளில் கை நடுங்கும், உடம்பெல்லாம் வியர்க்கும், என்னை யாரோ போலப் பார்ப்பார்.

2. சென்ற கார்த்திகையில் இப்பழக்கத்தை விடுவதற்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பினோம். இனி அவருக்கு இந்த மாத்திரை தர வேண்டாம் என்று கடைக்காரரிடம் நேரில் சொன்னேன். தலையாட்டினார்.

3. எங்கள் பகுதி வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். பஸ் குறைவு என்பதால், தீர்ந்துபோன மாத்திரையின் காலி அட்டையை ஷேர் ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவோம். அவர் அதைக் கடையில் காட்டி அதே மாத்திரையை வாங்கி வருவார். ஆகவே கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது, கேழ்வரகு மூட்டையில் கிடந்தது என்று எல்லா அட்டைகளையும் தேடி எடுத்து அடுப்பில் போட்டேன். அட்டை போகாமல் மாத்திரை வராது என்று நம்பினேன்.

4. சென்ற சந்தை நாளில் என் கணவர் பெயர் எழுதிய கவரில் அதே மாத்திரை வந்தது. ஜீப்பிலிருந்து வாங்கியவர் என் கணவர். மறுநாள் காலையில்தான் என்னிடம் நீட்டினார். "நான் கேக்கல, அதுவா வந்துச்சி. பிரிக்கல. வேணும்னா எண்ணிக்க" என்றார். எண்ணத் தேவையில்லை என்று சொல்லி வாங்கி வைத்தேன். ஆனால் அவரைத்தான் முதலில் சந்தேகித்தேன். அடுத்து, மகன் படும் பாட்டைச் சகிக்க முடியாத என் மாமியார் அம்மாக்கண்ணுவை. அவர் அழுதுவிட்டார்.

5. ஓட்டுநர் ரமேஷைக் கேட்டேன். "யாரும் அட்டை குடுக்கலக்கா. அண்ணன் ரொம்ப நாளா காணோமே, இத குடு, துட்டு அப்பறம் பாத்துக்கலாம்னு கடைக்காரருதான் குடுத்தாரு" என்றார். கடைக்காரரோ, "நான் இன்னாத்துக்கும்மா அனுப்பப் போறேன்? கவரு மாறிப் போயிருக்கும்" என்கிறார். எங்கள் ஊரில் கோபால்சாமி என்று வேறு யாரும் இல்லை. கேட்காதவருக்குக் கடனாக மருந்து தரும் கடையையும் நான் பார்த்ததில்லை. மாத்திரையை விட்டுவிட நினைக்கும் மற்றவர்கள் வீட்டுக்கும் இப்படிக் கவர் போகிறதோ என்று ஐயப்படுகிறேன்.

6. ரமேஷ் மீதும் எனக்கு ஐயம் முழுதாகத் தீரவில்லை. ஆயினும் பல ஊர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை அவர் கையால்தான் வருகிறது. அவரை நிறுத்தினால் முதியவர்கள் தவித்துப் போவார்கள். கடையை மட்டும், முன்னறிவிப்பின்றி, சந்தை நாளில் சோதிக்க வேண்டுகிறேன். தபால் பையும் அதே ஜீப்பில் இறங்குவதால் இம்மனுவை நேரில் தருகிறேன்.

7. கவரை என்னிடம் தந்த அன்று, என் கணவர் கொல்லைக்குப் போன பிறகு மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. நான் எண்ணியது அவருக்குத் தெரியாது. அடுத்த சந்தைக்கும் கவர் வந்தால் அதையும் என்னிடம் தருவீர்களா என்று கேட்டேன். "தெரியலியே" என்றார். தருவேன் என்று பொய் சொல்லவில்லை என்பதால் அந்தப் பதிலை நம்புகிறேன். அந்தக் கவர் ஜீப் ஏறும் முன் தாங்கள் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 18.03.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
கோ. ரேணுகாதேவி

இணைப்பு: கடையின் பெயர் எழுதிய தனித்தாள்; மாத்திரை அட்டை ஒன்று, பிரிக்கப்படாதது. இது எக்காரணம் கொண்டும் என் வீட்டு முகவரிக்குத் திரும்ப வர வேண்டாம்.