காலஞ்சென்ற குலசிங்கம்

12 ஜனவரி 2025

ஒலிம்பிக் விளையாட்டுக்காகப் பாரிஸில், போர்த் து லா சப்பலில் பெரிய மண்டபம் கட்டி, எங்கள் தெருவெல்லாம் பொலிஸ்காரர் நின்றார்களே, அதற்கு அடுத்த வருடம் இது. தையும் பிறக்கவில்லை. அக்கா போய்விட்டா.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. காலையில் தேநீரை வைத்துக்கொண்டு முகநூலைத் தள்ளிக்கொண்டு போனேன். கனகம்மா அக்காவின் முகம் வந்தது. கீழே குத்துவிளக்குச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களின் படத்துக்குக் கீழே சுடர் ஆடினால், என்ன நடந்தது என்று அறிய எழுத்து வேண்டியதில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திவிட்டுச் சொன்னால் அது எழுதும். வேறொன்றை அழுத்தினால், எழுதியதை ஒரு பெண் இந்தியத் தமிழில் வாசித்துக் காட்டுவாள். என் வயிற்றெரிச்சலையும் செய்தி மாதிரித்தான் வாசிப்பாள். ஆனால் படத்துக்குள் இருக்கிற எழுத்தை அவள் வாசிக்கமாட்டாள்.

கனடாவிலிருந்து அக்காவின் பிள்ளைகள் போன் எடுத்துச் சொல்லுவார்கள். அக்காவுக்கு உயிரோடு இருக்கிற ஒரே ஆண் சகோதரம் நான்தானே. போனைச் சார்ஜில் போட்டபடி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

15 ஜனவரி

எடுக்கவில்லை.

18 ஜனவரி

செத்தவீட்டை நேரலையில் பார்த்தேன். அங்கே காலை, இங்கே பின்னேரம். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். அக்காவுக்குக் கடைசி எட்டு வருடமும் மறதி. பெற்ற பிள்ளையையே தெரியாது. பெட்டிக்குள் மட்டும் எல்லாம் நினைவு வந்தவ போலக் கிடந்தா.

வாய்க்கரிசி நேரம் ஐயர் கேட்டார், "சகோதரங்கள் ஆரும் இருக்கினமோ?"

அக்காவின் மகன் மயூரன் சொன்னான்: "பிரான்ஸில ஒரு சித்தி இருக்கிறா, வர ஏலாது. வேறை ஒருத்தரும் இல்லை."

வேறு ஒருவரும் இல்லையா? "டேய், நான் இஞ்சை இருக்கிறன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைக்காரன் சுவரில் குத்தினான். அங்கே ஒருவருக்கும் கேட்கவில்லை.

20 ஜனவரி

கைல் தெருவில் போன் கடை வைத்திருக்கிற ஆரணியிடம் போய், அக்காவின் மரண அறிவித்தலை வாசிக்கச் சொன்னேன். கெட்டிக்காரி. வாய் கொஞ்சம் கூட. ஒருவனுடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே கடகடவென்று வாசித்தாள். ஓரிடத்தில் நின்றாள். பிறகு தாண்டிப் போனாள்.

"ஏன் பிள்ளை நிண்டனி?"

"ஒண்டுமில்லை ஐயா, கண் கூசுது."

"பிறந்த இடம் வாசிச்சாய். புருசன்ரை பேர், பிள்ளையளின்ரை பேர் எல்லாம் வாசிச்சாய். சகோதரத்திலை பாய்ஞ்சிட்டாய். திரும்ப வாசி."

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள். "காலஞ்சென்றவர்களான பொன்னம்பலம், குலசிங்கம் ஆகியோரதும் தில்லைநாயகி, பிரான்ஸ், அவர்களதும் பாசமிகு சகோதரியும்..."

பொன்னம்பலம் அண்ணை தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடப்பெயர்வில் செத்துப்போனவர். அவர் பக்கத்தில் என்னையும் படுக்க வைத்திருக்கிறார்கள்.

"வேறை ஆரும் குலசிங்கமோ ஐயா?" என்றாள் ஆரணி. பாவம், எனக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

என் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடினாள். இன்னொரு சுடர் ஆடியது. தங்கச்சி தில்லைநாயகியின் புருசனுடைய அறிவித்தல், நோத்ர்தாம் தேவாலயம் எரிந்த கிழமை வந்தது. அதிலும் நான் காலஞ்சென்றவன்.

"கனடாப் பெடியன் இதைப் பாத்துத்தான் இறக்கியிருக்கிறான். எல்லாரும் பழைய அறிவித்தலை எடுத்து, பேரை மாத்திப்போட்டுத்தானே அனுப்பீனம்," என்றாள்.

ஆறு வருடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லண்டன், சுவிஸ், கனடாவிலிருந்து போன் எடுத்தவர்கள் எல்லாம் ஏன் நின்றுபோனார்கள்? நம்பரை மாற்றியதால் என்று நினைத்திருந்தேன். மனிதர் மறந்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அழுது முடித்துவிட்டார்கள்.

22 ஜனவரி

பத்திநாதரைக் கேட்டேன். முப்பது வருடமாக ஒரே கடையில் ஒரே மேசையில் கோப்பி குடிக்கிறோம்.

"தில்லைநாயகியின்ரை புருசன்ரை அறிவித்தல் நீர் வாசிச்சனீரோ?"

"வாசிச்சனான்."

"என்னைச் செத்தவன் எண்டு போட்டிருந்ததோ?"

"ஓம்."

"ஏன் ஐசே சொல்லேல்லை?"

"சொன்னால் உமக்கு மனம் நோகும். நீர் எனக்கு முன்னாலை இருந்து வடை தின்னுறீர், எனக்கு அது காணும்." கோப்பியை ஊதினார். "லண்டனிலை இருந்து உம்முடைய மச்சான் ஒருத்தன் எடுத்து அனுதாபமும் சொன்னவன்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"என்னத்தைச் சொல்லுறது? குழறி அழுதுபோட்டான் மனுசன். நன்றி எண்டு சொல்லி வைச்சிட்டன்."

எழும்பி வந்துவிட்டேன். கோப்பிக் காசு அவரே கொடுக்கட்டும்.

24 ஜனவரி

அறிவித்தல் போடுகிற இடத்துக்கு ஆரணி போன் எடுத்துக் கேட்டாள். கொடுத்தவர் சொன்னால்தான் மாற்றுவார்களாம். அக்காவுடையதை மயூரன் சொல்லவேணும், மற்றதைத் தங்கச்சி. மயூரனுக்குக் குரல் அனுப்பினேன். அவன் ஆரணிக்கு எழுதினானாம்: சித்தி ஓம் என்றால் மாற்றுகிறேன், எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

என் குரல் கேட்ட பிறகும் அவனுக்குத் தெரியாது.

"செத்தவனே வந்து சொல்லுறான் எண்டு சொன்னனியோ பிள்ளை?"

"சொன்னனான் ஐயா. இந்தக் காலத்திலை குரலும் செய்யலாமாம்."

2 பெப்ரவரி

தங்கச்சியைப் பார்க்கப் பியர்ஃபித் போனேன். இங்கிருந்து ரெயிலில் ஏறினால் தேநீர் ஆற முதல் போய்விடலாம். பதினொரு வருடமாகப் போகவில்லை. அவளுடைய மகன் கரிகாலனின் கலியாணத்தில், மாமன் நான் நிற்க, சாட்சிக் கையெழுத்துக்கு வேறொருவனைக் கூப்பிட்டாள். "அண்ணைக்கு எழுதத் தெரியாது" என்று சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் சாப்பிடாமல் வெளிக்கிட்டு வந்தேன்.

கதவைத் திறந்தாள். கையில் டயாலிசிஸ் கட்டு. முகம் ஊதிக் கிடந்தது.

"அண்ணை..."

"காலஞ்சென்ற அண்ணை."

உள்ளே வரச் சொன்னாள். இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன், ஏன் செய்தாய் என்று.

"அவர் செத்தவுடனை உங்களுக்கு வாட்ஸப்பிலை அறிவிச்சனான். நீங்கள் வரேல்லை."

"படத்தைக் கண்டனான். சாவை வாயாலை அறிவிக்கிறது. கூடப்பிறந்தவனுக்குப் படம் அனுப்புறதோ? எழுத்துத் தெரியாது எண்டு சபையிலை சொல்லத் தெரிஞ்ச உனக்கு, எழுத்து அனுப்பக்குள்ளை அது ஞாபகம் வரேல்லையோ?"

"வந்த சனம் முழுக்க கேக்குது, தமையன் எங்கை, லா சப்பலிலைதானே இருக்கிறார், தங்கச்சி தாலி அறுக்கிற நேரம் ஏன் வரேல்லை எண்டு. எத்தினை பேருக்குப் பொய் சொல்லுறது? எட்டாம் நாள் எட்டுச் செலவு அறிவித்தலிலை அப்பிடிப் போட்டன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் உயிரோடை திரியுறன். என்னைக் கண்டவை சொல்லமாட்டினமோ?"

"கண்டவை தூரத்துச் சனத்துக்குச் சொல்லேல்லை. உங்களோடை ஆர் கதைக்கினம் அண்ணை?"

அது உண்மை. அதனால்தான் கன்னம் எரிந்தது.

"மாத்து," என்றேன். "இப்பவே மாத்து."

"மாத்தினால் நான் பொய்க்காரி எண்டு சனம் அறியும். இந்த மெசினோடை இன்னும் எத்தினை நாளைக்கு? நான் கண்ணை மூடினாப் பிறகு மாத்துங்கோ."

"நான் உயிரோடை இருக்கிறதுக்கு நீ சாகவேணுமோடி?"

திரும்பி நடந்தாள். குசினிக்குள் போய்க் கோப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. "சாப்பிட்டிட்டுப் போங்கோ. கத்தரிக்காய் காய்ச்சினனான்."

சாப்பிடவில்லை.

9 பெப்ரவரி

ஆரணி பார்த்தாள். மாற்றவில்லை.

10 பெப்ரவரி

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நேரலை போட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

2 மார்ச்

மாற்றவில்லை. கடைக்குள் நுழையும்போதே ஆரணி தலையை ஆட்டிவிடுகிறாள். நான் கேட்பதும் இல்லை.

19 மார்ச்

மரக்கறிக் கடையில் ஒரு பெண் என்னைக் கண்டு வாயில் கை வைத்தாள். பக்கத்து ஸ்தேன் நகரத்தில் இருக்கிறாளாம், எங்கள் ஊர்க்காரி. "மாமா, நீங்கள்..." என்றாள். "ஓம் பிள்ளை, நான்தான். முருங்கைக்காய் வாங்க எழும்பி வந்தனான்," என்றேன். சிரிக்கவில்லை. அவள் அழுதாள். ஆறு வருடத்தில் எனக்காக என் முன்னாலேயே அழுத முதல் ஆள். பெயர் கேட்க மறந்துபோனேன்.

14 ஏப்ரல்

வருடப் பிறப்பு. தில்லைநாயகி எடுத்தாள். திரையில் அவளுடைய படம் வந்து நின்று நின்று துடித்தது. செத்தவன் போன் எடுப்பதில்லை. அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தரமும் எடுத்தாள்.

15 ஏப்ரல்

நல்லநாளுக்குத்தான் எடுத்திருப்பாள். மாற்றிவிட்டேன் என்று சொல்ல எடுத்திருப்பாளோ? ஆரணி பார்த்தாள். மாற்றவில்லை. அப்படியென்றால் என்ன சொல்ல எடுத்தாள்? கேட்கலாம். பச்சைப் படத்தை ஒருமுறை அழுத்தினால் போதும். பிறகு பார்ப்போம்.

6 மே

கரிகாலன் எடுத்தான். படம் அனுப்பவில்லை, எழுத்து அனுப்பவில்லை. வாயால் சொன்னான். "மாமா, அம்மா செத்துப்போனா." தமிழில் அவனுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியாது. மெசினில் இருக்கும்போதே போயிருக்கிறாள்.

"அம்மா சொன்னவ, உங்களுக்கு ஃபோன் பண்ணித்தான் சொல்லவேணுமெண்டு."

"எப்ப சொன்னவ?"

"வருசப் பிறப்பண்டு. நீங்கள் எடுக்கேல்லையாம்."

7 மே

கரிகாலனைக் கூட்டிக்கொண்டு ஆரணியின் கடைக்குப் போனேன். அவனுக்குத் தமிழ் எழுத வராது, எனக்கு ஒன்றும் எழுத வராது. ஆரணி கதவைச் சாத்திவிட்டு இருந்தாள். பழைய அறிவித்தலைத் திறக்கப் போனாள். வேண்டாம் பிள்ளை, புதிதாக அடி என்றேன்.

பிறந்த இடம் சொன்னேன். தகப்பன், தாய். புருசன். பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள். எல்லாவற்றையும் தடக்கமில்லாமல் சொன்னேன். கரிகாலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சகோதரங்கள் ஐயா?"

"காலஞ்சென்றவர்கள் எண்டு போடு. பொன்னம்பலம். கனகம்மா."

அடித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "உயிரோடை இருக்கிறவை?"

"குலசிங்கம்," என்றேன். "பிரான்ஸ்."