வெறும் லைற்றா, மச்சான்?

மச்சான்,

நேற்று வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. படம் எடுக்க வந்த பெடியன் என்னை ஒரு நொடியில் எடுத்துவிட்டு, கமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினான். "அங்கிள், கண்ணை மூடிட்டீங்கள். இதை அழிச்சிட்டு வேற எடுப்பம்." அழித்தும் விட்டான். எத்தனையோ அரசாங்கங்களும் சூறாவளிகளும் அழிக்க முடியாத இந்தத் திருமுகத்தை ஒரு பெருவிரல் அழித்தது. நீ படம் பிடித்துத் திரிந்த அந்தப் பிலிம் கமராவில் இந்த வசதி இல்லை. அதற்குள் என்ன இருக்கிறதென்று கடவுளுக்கும் தெரியாது. எனக்கோ, ஏதாவது இருக்கிறதா என்பதே சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தை விதைத்தவன் நீதான். சண்டைக் காலத்தில் பிலிம் தங்க விலை. கலியாண வீடுகளில் "தம்பி, எங்களையும் ஒண்டு" என்று வரிசை கட்டும் சித்தப்பாமாருக்கு நீ பிளாஷை மட்டும் மின்ன வைப்பாய். அந்த மின்னலில் கொட்டாஞ்சேனைச் சேவல்களெல்லாம் விடிந்துவிட்டதென்று கூவும். உள்ளே பிலிம் அசையாது. "லைற்றைக் காட்டினால் சனம் சந்தோசமாப் போகும், மச்சான்" என்று நாங்கள் தங்கியிருந்த லொட்ஜ் அறையில் என் பங்குப் பாணையும் தின்றபடி சொன்னாய்.

அப்படிப்பட்ட உனக்கு முன்னால்தான் என் அம்மாவை நிறுத்தினேன். கண் ஒப்பரேஷனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவ, ஊர் திரும்பும் நாள் காலை, கடற்கரைத் தண்டவாளத்தோரம் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றா. அடையாள அட்டைக்குப் பிறகு அவ கமராவைக் கண்டதேயில்லை. "கண் கூசுது, கெதியா எடு தம்பி" என்றா. நல்ல வெயில். அந்த வெயிலிலும் நீ பிளாஷை மின்ன வைத்தாய். அங்கேதான் என் நெஞ்சில் முதல் ஊசி ஏறியது.

படம் கேட்டால், "ரோல் முடியட்டும். பிஞ்சுப் பலாக்காயைப் பிளந்து பழம் தேடுவியே?" என்றாய். மாதங்கள் போயின. சண்டையில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள். அம்மா கண்ணை மூடிய செய்தி பிந்தித்தான் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வைக்க ஒரு படமில்லை.

உன் சட்டையைப் பிடித்தேன். "உண்மையைச் சொல்லடா. உள்ளுக்கு பிலிம் இருந்ததோ?"

"கொம்மாவுக்கு நான் வெறும் லைற் காட்டுவனே? மிச்சத்தைக் கொட்டாஞ்சேனைக் கலியாணத்தில முடிச்சு, நாளைக்கே கழுவித் தாறன்."

நம்பவில்லை. காவலுக்கு நானும் பஸ் ஏறினேன்.

வழியில் செக் பொயின்ட். எங்கே போகிறீர்கள் என்று ஆமிக்காரன் கேட்டான். சிங்களத்தில் 'கன்ன' என்றால் எடுக்க, 'கஹன்ன' என்றால் அடிக்க. நீ உன் பொன்னான சிங்களத்தில், கலியாண வீட்டை அடிக்கப் போகிறோம் என்று மிகவும் பணிவாகச் சொன்னாய்.

அவன் கமராவைப் பிடுங்கித் திறந்தான். உள்ளே பிலிம் இருந்தது. நடு வெயிலில் முழம் முழமாக இழுத்தான், பாம்புச் சட்டை போலப் பளபளத்தது. என் அம்மா வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கிறா, நானோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ பொய் சொல்லவில்லை. "மொகத ஹினாவென்னே?" ஏன் சிரிக்கிறாய் என்று அவன் என்னை ஏறிட்டான். நீ அழுதுகொண்டிருந்தாய்.

அந்தப் பிலிமையும் நீ கழுவினாய். ரோலின் தொடக்கத்தில், அம்மா இருக்கவேண்டிய இடத்தில், ஒரு துண்டைப் பிரின்ட் போட்டுத் தந்தாய். முழுக்க வெள்ளை, அடியில் மட்டும் மெல்லிய சாம்பல் கோடு.

"கொம்மான்ர சேலைக் கரை," என்றாய்.

"அல்லது உன்ர பென்சில்," என்றேன். நீ சிரித்தாய். எதென்று சொல்லாமலே போயும் சேர்ந்தாய்.

அந்த வெள்ளைக் கடதாசி என் பேர்சில்தான் இருக்கிறது. குப்பையென்று எறியப் போன என் மனுசியிடமிருந்து ஒருமுறை பறித்தெடுத்தேன். நாக்கில் விரலைத் தொட்டு அந்தக் கோட்டை ஒருதரம் தேய்த்தால், சேலைக் கரையா பென்சிலா என்று தெரிந்துவிடும். உலகத்தில் எதையும் நம்பாத நான், இத்தனை காலமாக விரலை நனைக்கிறேன், பிறகு சாரத்தில் துடைத்துவிடுகிறேன்.